லைவ் ஆல்பத்தில் ஸ்டுடியோ ஒட்டுவேலை: விமர்சனத்தில் எவ்வளவு மார்க் குறைக்கலாம்?

ரிஃப்புராஜா:

போன வாரம் பழைய கேசட் அண்ணன் ஜூடாஸ் ப்ரீஸ்டின் அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட் ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதி, பத்துக்கு நாலு போட்டிருந்தார். அங்கேயே சண்டை போட்டால் இழை திசைமாறிவிடும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன். அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: ராப் ஹால்ஃபோர்டின் குரல் மேடையில் பதிவானதில்லை, பிறகு ஸ்டுடியோவில் பாடி ஏற்றியது. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. 'அன்லீஷ்ட் இன் தி ஸ்டுடியோ' என்று ரசிகர்கள் கிண்டலடிக்கும் அளவுக்கு ஊரறிந்த விஷயம், குரலைத் திரும்பப் பாடியதை ஹால்ஃபோர்டே பின்னாளில் ஒப்புக்கொண்டும் விட்டார்.

சரி, குரலை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைக் கேளுங்கள். 1979 பிப்ரவரி, டோக்கியோ, தயாரிப்பு டாம் ஆலம். தி ரிப்பர், ஜெனோசைட், டைரன்ட், விக்டிம் ஆஃப் சேஞ்சஸ் நான்கும் 1976-இல் வந்த சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினியில் இருந்து வருபவை. அந்த ஸ்டுடியோ ஆல்பத்தை இன்று போட்டால் டிரம்ஸ் அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும், கிடார் சத்தமும் ஒல்லி. டோக்கியோவில் அதே பாடல்களுக்கு லெஸ் பிங்க்ஸ் டிரம்ஸ் அடிக்கும்போது எடை கூடிவிடுகிறது. சாட் விங்ஸில் டிரம்ஸ் வாசித்தது ஆலன் மூர், சின் ஆஃப்டர் சின்னில் சைமன் பிலிப்ஸ். மற்றவர்கள் வாசித்துவைத்ததை பிங்க்ஸ் தன் கைக்கும் காலுக்கும் ஏற்ப மாற்றி எடுத்துக்கொண்டார். எக்ஸைட்டர் தொடக்கத்தில் இரண்டு பாஸ் டிரம்மும் ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டுவிட்டு யாராவது நாலு மார்க் போடுவார்களா?

என் கேள்வி இதுதான். லைவ் ஆல்பத்தை விமர்சிக்கும்போது நாம் எதற்கு மார்க் போடுகிறோம்? காதில் விழுவதற்கா, அது பதிவான விதத்துக்கா?

பழைய கேசட்:

தம்பி, இரண்டுக்கும்தான். அட்டையில் 'லைவ் இன் ஜப்பான்' என்று போட்டு விற்றார்கள், நான் அதை நம்பித்தான் காசு கொடுத்தேன். ஹால்ஃபோர்ட் கெட்டிக்காரப் பாடகர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டோக்கியோவில் இரண்டாயிரம் பேர் முன்னால் நின்று மூச்சு வாங்கப் பாடுவதும், ஸ்டுடியோவில் தண்ணீர் குடித்துவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடுவதும் ஒன்றாகிவிடுமா? லைவ் என்றால் தவறக்கூடிய இடம். தவறவே முடியாது என்று ஏற்பாடு செய்துகொண்ட பிறகு எனக்கு அதில் என்ன பதற்றம் இருக்கப்போகிறது?

எடுத்துக்காட்டாக டீப் பர்ப்பிளின் மேட் இன் ஜப்பானைச் சொல்கிறேன். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால், 17 டோக்கியோ புடோக்கான். மார்ட்டின் பர்ச் எட்டு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) மெஷினில் பதிவு செய்தார். லைவ் ஆல்பம் கேட்டதே ஜப்பான் கம்பெனிதான், டீப் பர்ப்பிளுக்கு அதில் பெரிய ஆர்வமே இல்லை. பிறகு கேட்டுப் பார்த்து அசந்துபோய் எல்லா நாட்டிலும் வெளியிட்டார்கள். ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன் பாட்டில் பிளாக்மோர் கிடாரில் ஒரு துணுக்கு வாசிக்க, இயன் கில்லன் அதைத் தொண்டையில் திருப்பிச் சொல்ல, அவர் இன்னும் கொஞ்சம் மேலே போக, இவரும் போக, கடைசியில் கிடார் நின்றுவிட்டு குரல் மட்டும் தனியாகக் கத்துகிறதே, அது அந்த நொடியில் இரண்டு பேருக்குள் நடந்தது. அடுத்த நொடி என்ன வரும் என்று கில்லனுக்கே தெரியாது. அதைக் கேட்ட காதுக்கு ப்ரீஸ்டின் டோக்கியோ பாலிஷ் போட்ட மாதிரிதான் இருக்கிறது.

டபுள்பெடல்:

அண்ணே, உங்கள் மேட் இன் ஜப்பானும் ஒரே கச்சேரி இல்லையே! ஸ்மோக் ஆன் தி வாட்டர் 15-ஆம் தேதி. தி மியூலும் லேஸியும் டோக்கியோவில் எடுத்தவை. மிச்ச நாலும் 16-ஆம் தேதி. மூன்று ராத்திரியில் பொறுக்கி எடுத்து ஒட்டியதும் ஒட்டுதான். 1993-இல் மூன்று சிடியில் லைவ் இன் ஜப்பான் என்று வந்ததே, அதைக் கேட்டால் எதை ஒதுக்கினார்கள் என்று தெரியும்.

பழைய கேசட்:

பொறுக்குவது வேறு, திரும்பப் பாடுவது வேறு. கல்யாண ஆல்பத்தில் நல்ல போட்டோவாகப் பார்த்து வைப்பார்கள், அதற்காக மாப்பிள்ளையை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு மறுபடியும் தாலி கட்டச் சொல்வார்களா?

மிக்ஸர் மேசை:

இப்போதெல்லாம் அதுவும் நடக்கிறது, விடுங்கள்.

நான் மேடைக்குப் பின்னால் மிக்ஸிங் வேலை பார்க்கிறவன், அதனால் ஒட்டுவேலை எப்படி நடக்கும், எங்கே நடக்காது என்று சொல்கிறேன். பிறகு சண்டையைத் தொடருங்கள்.

மேடையில் பாடகரின் மைக் அவர் குரலை மட்டும் வாங்காது. பின்னால் அடிக்கிற சிம்பல், பக்கத்தில் அலறுகிற கிடார் ஆம்ப், எல்லாமே அதற்குள் கசியும். அதேபோல டிரம்ஸுக்கு மேலே தொங்குகிற மைக்கில் மானிட்டர் வழியாகப் பாடகரின் குரலும் கசியும். எனவே ஒரு வரியை ஸ்டுடியோவில் திரும்பப் பாடி மாற்றினால், பழைய வரி டிரம்ஸ் டிராக்கில் மங்கலாக உட்கார்ந்திருக்கும். புதியதும் பழையதும் மயிரிழை விலகினால்கூடக் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் பேய் மாதிரி கேட்கும். ஹெட்போனில் அமைதியான இடங்களாகப் பார்த்துக் கேட்டால் பிடித்துவிடலாம். இன்னொரு அடையாளம் எதிரொலி. டிரம்ஸும் கைதட்டலும் பெரிய ஹாலில் இருக்கும், குரல் மட்டும் உங்கள் காதருகே சின்ன அறையில் இருக்கும். பிறகு செயற்கையாக ரிவெர்ப் போட்டு அதை ஹாலுக்குள் தள்ளப் பார்ப்பார்கள். முழுதாகச் சேராது.

எட்டு டிராக் விஷயத்துக்கு வருகிறேன். எட்டே எட்டில் டிரம்ஸ், பாஸ், கிடார், ஆர்கன், குரல், கூட்டம் எல்லாம் அடங்க வேண்டும். டிரம்ஸில் இருக்கிற அத்தனை மைக்கையும் அந்த இடத்திலேயே கலந்து ஒன்றிரண்டு டிராக்கில் இறக்கியாக வேண்டும். பிறகு ஸ்னேர் சத்தம் கம்மியாக இருக்கிறது, கூட்டலாம் என்றால் கூட்ட முடியாது. பர்ச் அன்று இரவு எடுத்த முடிவுதான் இன்று வரைக்கும் நாம் கேட்பது. மேட் இன் ஜப்பானில் எனக்குப் பிடித்தது கில்லனின் கத்தல்கூட இல்லை, இயன் பெய்ஸின் ஸ்னேரும் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கனும் உட்கார்ந்திருக்கிற இடம். ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டு அலறவைத்திருக்கிறார், ஆனாலும் அது கிடாரைத் தின்றுவிடவில்லை. ஒரு பக்கக் காதில் அது, மறுபக்கக் காதில் பிளாக்மோர். ஸ்பேஸ் டிரக்கின் இருபது நிமிடம் ஓடியும் யார் என்ன செய்கிறார்கள் என்று குழப்பமே வராது.

இருபத்துநாலு டிராக் வந்த பிறகு எல்லாம் தனித்தனி. அப்போதுதான் கை அரிக்க ஆரம்பிக்கும். இந்தச் சுருதி கொஞ்சம் விலகியிருக்கிறதே, ஒரே ஒரு வரிதானே, மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஒரு வரியில் நின்ற ஆட்களை நான் பார்த்ததில்லை.

கோரஸ் பாடகி:

பாடுகிறவள் என்ற முறையில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஹால்ஃபோர்ட் அன்று பாடுகிற உச்சம் சாதாரண உச்சம் இல்லை. ஊர் ஊராகப் போய், தூக்கம் கெட்டு, விமானத்தின் ஏசி காற்றில் தொண்டை காய்ந்து, அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தச் சுருதியில் நிற்பது யாருக்கும் எல்லா நாளும் கைகூடாது. டேப் ஓடுகிற நாளில் தொண்டை கட்டியிருந்தால் என்ன செய்வது? கிடார்காரருக்குக் கம்பி அறுந்தால் மாற்றிக்கொள்கிறார், எங்களுக்கு மாற்றத் தொண்டை கிடையாது. அதனால் திரும்பப் பாடியதற்காக நான் மார்க் குறைக்க மாட்டேன்.

நான் குறைப்பது வேறொன்றுக்கு. அந்த ஆல்பத்தில் குரல் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது. விக்டிம் ஆஃப் சேஞ்சஸின் கடைசி அலறலுக்கு முன்னால் உடம்பு தயாராகிற சத்தம் காதில் விழ வேண்டும், மூச்சு இழுப்பது தெரிய வேண்டும். அங்கே அது இல்லை. அயர்ன் மெய்டனின் லைவ் ஆஃப்டர் டெத்தில் பாடகர் புரூஸ் டிக்கின்சனைக் கேளுங்கள். ஏஸஸ் ஹையில் பல்லவியின் உச்சத்துக்கு அவர் எட்டுவதும் சில இடத்தில் எட்டாமல் வளைத்துக்கொண்டு போவதும் தெளிவாகக் கேட்கிறது. ஓடிக்கொண்டே பாடுகிற மனிதன் என்று தெரிகிறது. எனக்கு அது போதும்.

டபுள்பெடல்:

லைவ் ஆஃப்டர் டெத் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, இனி என்னை யாரும் நிறுத்தக் கூடாது. 1985 மார்ச், லாங் பீச் அரீனா, நாலு ராத்திரி. வேர்ல்ட் ஸ்லேவரி டூர் 1984 ஆகஸ்டில் போலந்தில் ஆரம்பித்து 1985 ஜூலை வரைக்கும் ஓடியது, இது அதற்கு நடுவில் எடுத்தது. தயாரிப்பு யார் என்று பாருங்கள், அதே மார்ட்டின் பர்ச். மேட் இன் ஜப்பான் முடிந்து பன்னிரண்டரை வருடம் கழித்து அதே காது. ஓவர்டப் (பிறகு ஸ்டுடியோவில் ஏற்றுவது) கிடையாது என்று பாஸ் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸ் பிடிவாதமாகச் சொல்கிறவர்.

எல்லாப் பாட்டும் ஸ்டுடியோவைவிட வேகம். நிக்கோ மெக்பிரெய்ன் ஒற்றைப் பாஸ் பெடல்காரர். என் பெயருக்கு இது அவமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன். அவர் வலது கால் செய்கிற வேலைக்கு எனக்கு இரண்டு காலும் போதாது. ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினரின் நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் மரம் கிறீச்சிடுகிற சத்தமும் பாஸும் மட்டும் மிஞ்சுகிற இடத்தில், அவ்வளவு பெரிய அரீனா கூட்டம் எங்கோ தூரத்தில் முணுமுணுக்கிறது கேட்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் அந்த ஆல்பத்துக்குப் பத்து போடுவேன்.

ஒரு எச்சரிக்கை. விமர்சனம் எழுதுகிறவர்கள் எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். இரட்டை எல்பியின் நாலாவது பக்கம் முழுக்க 1984 அக்டோபரில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில் எடுத்தது. ராத்சைல்ட், சில்ட்ரன் ஆஃப் தி டாம்ட், ஃபேன்டம் ஆஃப் தி ஆப்பெரா எல்லாம் அதில்தான். ஒற்றை சிடியாக முதலில் போட்டபோது இடம் போதாமல் அந்தப் பக்கத்தையே வெட்டிவிட்டார்கள். 1998-இல்தான் இரண்டு சிடியாகத் திரும்பி வந்தது. 'பழைய பாட்டே இல்லை' என்று இங்கே ஒருவர் குறை எழுதியிருந்தார், அவரிடம் இருந்தது அந்த வெட்டுப்பட்ட சிடி.

கூட்டத்தில் ஒருவன்:

2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் மைதானத்தில் மெய்டனைப் பார்த்தவன் நான். சென்னையிலிருந்து ராத்திரி பஸ். காதில் விழுந்ததை உண்மையாகச் சொன்னால் பாதி பாஸ் டிரம், மீதி பக்கத்தில் நின்றவன் பாடிய ஃபியர் ஆஃப் தி டார்க். காற்று திரும்பும்போது கிடார் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும். அதை அப்படியே பதிவு செய்து கொடுத்தால் நீங்கள் யாரும் இரண்டாவது தடவை கேட்க மாட்டீர்கள். அன்று எனக்கு அது போதுமானதாக இருந்தது என்பது வேறு கதை.

அதனால் 'லைவ் ஆல்பம் என்றால் கச்சேரியை உள்ளபடி காட்ட வேண்டும்' என்பதே எனக்கு ஒட்டவில்லை. யாருக்கு உள்ளபடி? முன்வரிசைக்காரனுக்கா, கடைசியில் பீர் கவுன்டர் பக்கம் நின்றவனுக்கா?

மெய்டனின் ஃப்ளைட் 666 ஆல்பத்தில் ஏஸஸ் ஹை மும்பையில் எடுத்தது, 2008 பிப்ரவரி 1. அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஊர். மும்பை முடிந்ததும் அடுத்த பாட்டு மெல்பர்ன், பிறகு சிட்னி, டோக்கியோ என்று போகும். ஒரு இரவு என்பதே அதில் கிடையாது, ஆனாலும் நம் ஊர்க் கூட்டம் கத்துகிறது என்று அந்த முதல் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் இங்கே எத்தனை பேர்?

பழைய கேசட்:

நானும்தான் கேட்டேன். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லையே, எந்தப் பாட்டு எந்த ஊர் என்று அட்டையிலேயே இருக்கிறது. மோட்டர்ஹெட் 1981-இல் நோ ஸ்லீப் டில் ஹேமர்ஸ்மித் என்று பெயர் வைத்து, பெரும்பாலும் லீட்ஸிலும் நியூகாசிலிலும் பதிவு செய்தார்கள். ஹேமர்ஸ்மித்தில் ஒரு பாட்டுகூட எடுக்கவில்லை. அதற்கு நான் கோபப்படவில்லை. பிரிட்டனில் முதலிடத்துக்குப் போன ஆல்பம், லெம்மியின் பாஸ் அதில் ரம்பம் மாதிரி அறுக்கும், ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸிலேயே ஆரம்பித்துவிடும். வாசித்தது வாசித்தபடி இருக்கிறது, அவ்வளவுதான் நான் கேட்பது.

ரிஃப்புராஜா:

அப்படியானால் தின் லிசியின் லைவ் அண்ட் டேஞ்சரஸுக்கு என்ன சொல்வீர்கள்? 1978. முக்கால்வாசி ஸ்டுடியோவில் திரும்ப எடுத்தது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொன்னார். அதெல்லாம் கிடையாது, கொஞ்சம் பின்பாட்டும் சில கிடார் இடங்களும்தான் என்று இசைக்குழு பக்கம் மறுத்தார்கள். கிடார்காரர் பிரையன் ராபர்ட்சன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாக இழுத்த வழக்கு இது. 2023-இல் எட்டு சிடி பெட்டியில் லண்டன், ஃபிலடெல்ஃபியா, டொரண்டோ கச்சேரிகளைத் தனித்தனியாக விட்டார்கள், யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். நான் ஒப்பிட்டேன். ஸ்டில் இன் லவ் வித் யூ பாட்டில் ராபர்ட்சனின் சோலோ என்னை உட்காரவைக்கிற விதம் எந்தப் பதிவிலும் மாறவில்லை. பாடகர் ஃபில் லைனாட் கூட்டத்தோடு பேசுகிற விதமும் மாறவில்லை. அப்புறம் எதைத் திரும்ப எடுத்திருந்தால் எனக்கென்ன?

கிஸ்ஸின் அலைவ்! இன்னொன்று. முதல் மூன்று ஸ்டுடியோ ஆல்பமும் சரியாகப் போகவில்லை, கம்பெனியே திவாலாகும் நிலை. 1975-இல் தயாரிப்பாளர் எடி கிரேமரை வைத்து லைவ் ஆல்பம் போட்டார்கள். அதில் ஒட்டாத இடமே குறைவு என்று பின்னால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆல்பம்தான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது, ராக் அண்ட் ரோல் ஆல் நைட் ரேடியோவில் ஓடியதும் அந்த லைவ் வடிவம்தான்.

கோரஸ் பாடகி:

கிஸ்ஸை எனக்குக் கேட்கவே முடியவில்லை, ஒட்டுவேலைக்காக இல்லை. கூட்டத்தின் சத்தம் பாட்டு முழுக்க ஒரே அளவில் நிற்கிறது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. நல்ல சோலோ வந்தாலும் அதே சத்தம், சுமாரான இடம் வந்தாலும் அதே சத்தம். கூட்டம் என்றால் ஏறி இறங்க வேண்டாமா?

பழைய கேசட் ஐயாவிடம் ஒரு கேள்வி. தி ஹூவின் லைவ் அட் லீட்ஸ் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். 1970 பிப்ரவரி 14, பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடம், கரகர சத்தம் இருக்கிறது சரிசெய்யாதே என்று லேபிளிலேயே எழுதி வெளியிட்ட ஆல்பம். அதற்கு மறுநாள் ஹல் நகரக் கச்சேரியில் முதல் சில பாடல்களுக்கு ஜான் என்ட்விசிலின் பாஸ் பதிவாகவே இல்லை. 2010-இல் அதை வெளியிட்டபோது லீட்ஸில் வாசித்த பாஸை எடுத்து ஹல் பாடல்களில் பொருத்தினார்கள். அதே ஆள், அதே பாட்டு, முந்தின ராத்திரி. இது எந்தக் கணக்கு?

பழைய கேசட்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. அது ஒட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் பாஸ் இல்லாமல் தி ஹூவைக் கேட்பதற்குப் பேசாமல் இருக்கலாம், அந்தக் குழுவில் என்ட்விசில்தான் பாதி கிடார். செய்ததைச் சொல்லிவிட்டுச் செய்தார்கள், எடுத்த பாஸும் கூட்டத்துக்கு முன்னால் வாசித்தது. நான் அரை மார்க் குறைப்பேன். ப்ரீஸ்டுக்கு வேண்டுமானால் பிங்க்ஸுக்காக ஒன்று ஏற்றி ஐந்தாக்குகிறேன், ரிஃப்புராஜா சந்தோஷப்படட்டும். அதற்குமேல் என்னிடம் பேரம் பேசாதீர்கள்.

டபுள்பெடல்:

ஐந்தா! வாழ்க.

மிக்ஸர் மேசை:

ஓவர்டப்பையே சுற்றிச் சுற்றி வருகிறோம். மிக்ஸிங் ஒன்றை வைத்தே ஒரு குழு உடைந்த கதை இருக்கிறது, அதையும் விமர்சனத்தில் பார்க்க வேண்டும். பிளாக் சபாத்தின் லைவ் ஈவில், 1982-இல் அமெரிக்காவில் பதிவானது. ராத்திரியில் ஸ்டுடியோவுக்குள் போய் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ தன் குரலைக் கூட்டி வைக்கிறார் என்று கிடார்காரர் அயோமியும் பாஸ் வாசிக்கிற கீஸர் பட்லரும் சந்தேகப்பட்டார்கள். டியோ மறுத்தார். ஆல்பம் வெளிவருவதற்குள் டியோவும் டிரம்மர் வின்னி அப்பீஸும் வெளியே போய்விட்டார்கள்.

அந்தப் புகாரை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் குரல் முன்னால் நிற்கிறது என்றுதான் தோன்றும். எனக்குத் தெரிந்தவரை உண்மையான குறை அது இல்லை. கூட்டத்தைப் பக்கத்து ஊரில் உட்காரவைத்திருக்கிறார்கள். வார் பிக்ஸில் கிடார் நின்று ஹை-ஹாட் மட்டும் ஓடுகிற இடைவெளிகளில் கூட்டம் பாய்ந்து வர வேண்டும், அங்கே வெறும் காற்று. ஹெவன் அண்ட் ஹெல் பன்னிரண்டு நிமிடம் போகிறது, டியோ ஆட்களோடு பேசுகிறார், பதில் சொல்ல யாருமில்லாத மாதிரி இருக்கிறது. அயோமியின் கிடார் ஒலி அருமை, அதை வைத்துத்தான் ஆல்பம் தப்பிக்கிறது. 2023-இல் மூல டேப்பிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பும் வந்துவிட்டது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.

கோரஸ் பாடகி:

லைவ் ஈவிலைத் தனியாக மதிப்பிடவே கூடாது. அதே 1982-இல் சபாத்தின் பழைய பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் முழுக்க சபாத் பாடல்களாகவே ஸ்பீக் ஆஃப் தி டெவில் போட்டார். அவருடைய கிடார்காரர் ரேண்டி ரோட்ஸ் மார்ச் மாதம் விமான விபத்தில் இறந்து போய், பிராட் கில்லிஸ் கிடாருக்கு வந்து, செப்டம்பரில் நியூயார்க்கின் ரிட்ஸில் எடுத்தது. வார் பிக்ஸ், அயர்ன் மேன், என்.ஐ.பி., பாரனாய்ட் எல்லாம் இரண்டிலும் உண்டு. பாடலை முதலில் பாடியவர் ஒருபக்கம், பாடலை உருவாக்கிய கிடார் மறுபக்கம். ஓஸியின் குரல் அதில் பல இடங்களில் இரட்டையாகக் கேட்கிறது, மேடையில் ஒருவருக்கு இரண்டு தொண்டை கிடையாது. கில்லிஸ் கிடாரின் டிரெமோலோ கைப்பிடியைப் (சுருதியை ஏற்றி இறக்குவது) பிடித்து ஆட்டுகிற ஆட்டத்தில் அயோமியின் கனம் போய்விடுகிறது. டியோவோ வார் பிக்ஸை ஓபரா மாதிரி பாடிவிடுகிறார், அந்தப் பாட்டுக்கு வேண்டியது ஓஸியின் தட்டையான புலம்பல். பாட்டுக்குப் பாட்டு எடுத்தால் எனக்கு பிளாக் சபாத் என்ற பாட்டும் வார் பிக்ஸும் ஓஸியிடம், என்.ஐ.பி.யும் அயர்ன் மேனும் டியோவிடம்.

பழைய கேசட்:

என்.ஐ.பி. டியோவிடமா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.